மலையாளத் திரைப்படத்தின் தந்தை ஜே. சி. டேனியல்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் பெரிதும் தயங்கினேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளி வருகின்ற ஒருவனுக்கு இலக்கியம் பேசும் தகுதி ஏது? ஆயினும், விழிஞ்ஞத்துக் கரையில் விடியற்காலையில் காமிராவும் கையுமாக நிற்பவன் என்று நம் காலனியில் என்னை அறியாதார் இலர். மீன்பிடி வள்ளங்கள் கரையேறும் காட்சியையும், குடைவரைக் கோயிலின் முற்றுப்பெறாத சிற்பங்களையும், 2025-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகளையும் எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறேன். ஆகவே படம் பிடித்த ஒருவருடைய வரலாற்றை எழுதுவதே எனக்குப் பொருந்துமென்று துணிந்தேன்.

அத்துணிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. என் மகள் இவ்வாண்டு மேனிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறினாள். தேறியவள், பொறியியலும் வேண்டா, வங்கித் தேர்வும் வேண்டா, ஒளிப்பதிவுக் கலையே கற்பேன் என்று ஒரே பிடியாக நிற்கின்றாள். அவள் தாயார் அன்று முதல் என்னோடு சரிவரப் பேசுவதில்லை. அவளுக்குப் பத்து வயதில் என் தந்தையார் வைத்திருந்த பழைய அக்பா கிளிக் காமிராவை எடுத்துக் கொடுத்தவன் நான் அல்லவா? குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. வீட்டில் இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கும் வேளையில் இரவும் பகலும் என் நெஞ்சில் வந்து நின்றவர் ஜோசப் செல்லையா டேனியல் அவர்களே. அவருடைய வரலாறு என் பக்கத்துக்குச் சான்றாகுமோ, என் மனைவியின் பக்கத்துக்குச் சான்றாகுமோ, வாசகர்கள் படித்துப் பார்க்கட்டும்.

டேனியல் அவர்கள் 1900-ஆம் ஆண்டில், குமரிமுனைக்கு அருகிலுள்ள அகத்தீசுவரத்தைச் சேர்ந்த தமிழ்க் கிறித்துவ நாடார் குடும்பத்தில் பிறந்தார். செல்வ வளம் மிக்க குடும்பம். அகத்தீசுவரம் இன்று தமிழ்நாட்டில் உள்ளதாயினும் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இவ்வொரு செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். தம் ஐம்பத்தாறாம் வயது வரை தாம் பிறந்த மண்ணுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே எல்லைக்கோடு ஒன்றைக் காணாது வாழ்ந்தவர் அவர். அக்கோடு பின்னாளில் அவர் வாழ்வின் குறுக்கே விழுந்தது.

திருவனந்தபுரத்து மகாராசா கல்லூரியில் அவர் கல்வி பயின்றார். ஏட்டுக் கல்வியைக் காட்டிலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது சிலம்பமும் வாள் வீச்சும் அடிமுறையும் அடங்கிய களரிக் கலையாகும். தென் திருவிதாங்கூரில் ஆசான்மார் வழிவழியாகக் காத்து வந்த அக்கலை தம் காலத்தோடு மறைந்துபோகுமோ என்னும் கவலை அவரைப் பற்றிக்கொண்டது. வாள் வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதி வெளியிட்டார். ஆனால் நூலைப் படித்தா ஒருவன் வாள் வீசக் கற்பான்? கால் பெயர்வதும் கை சுழல்வதும் கண்ணுக்குப் புலனாக வேண்டும். அசையும் படமே அதற்கு ஏற்ற கருவி என்னும் எண்ணம் அவருக்கு இவ்வாறுதான் தோன்றிற்று. பொருள் ஈட்டவோ புகழ் தேடவோ அவர் திரைப்படத்துறைக்கு வரவில்லை.

இவ்விடத்தில் எம் துறையைச் சார்ந்த ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல என் மனம் ஒப்பவில்லை. திருச்சிராப்பள்ளி இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ஆம் ஆண்டில் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரமும் கையுமாக ஊரூராய்ச் சென்று படங்காட்டினார். கேரள நாட்டில் மக்கள் முதன்முதலில் அசையும் படத்தைக் கண்டது அவருடைய கூடாரத்தில்தான் என்பர். பின்னர் 1913-ஆம் ஆண்டில் பம்பாயில் தாதாசாகிப் பால்கே அவர்கள் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கினார். சில ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் நடராச முதலியார் கீசகவதம் எடுத்தார். இவையெல்லாம் புராணக் கதைகள். திருவிதாங்கூரிலோ, 1920-களின் நடுப்பகுதி வரையில் படம் காட்டியவர் உண்டே அன்றி எடுத்தவர் ஒருவரும் இலர்.

டேனியல் தொழில் கற்கச் சென்னைக்குச் சென்றார். அங்கிருந்த படப்பிடிப்பு நிலையங்களில் அவரை வாயிலுக்குள் விடவில்லை. மனந்தளராது பம்பாய்க்குப் பயணமானார். நான் இரயில்வேக்காரன் ஆதலால், அப்பயணத்தின் அருமையை எண்ணிப் பார்க்கிறேன். இன்று திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு நேர் வண்டி ஏறிவிடலாம். அன்று திருவனந்தபுரத்தின் இருப்புப்பாதை கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்குச் சென்ற மீட்டர் அகலப் பாதை. அது திருவனந்தபுரம் வரை வந்து சேர்ந்ததே 1918-இல்தான். தம்பானூரில் இன்று நாம் காணும் கருங்கல் நிலையம் 1931-இல் எழுந்தது. நாகர்கோவிலுக்கோ 1979-ஆம் ஆண்டு வரை இரயிலே இல்லை. அகத்தீசுவரத்து இளைஞர் ஒருவர் பம்பாய் சென்று மீள்வது அன்று சிறு செயலன்று.

பம்பாயில் அவர் ஒரு தந்திரம் செய்தார். தாம் திருவிதாங்கூரிலுள்ள பள்ளி ஆசிரியர் என்றும், திரைப்படம் எங்ஙனம் உருவாகின்றது என்பதை மாணவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியுள்ளது என்றும் சொல்லி, படப்பிடிப்பு நிலையங்களுக்குள் புகுந்தார். பார்த்துப் பார்த்தே தொழிலின் நுட்பங்களைக் கற்றார். வேண்டிய கருவிகளை விலைக்கு வாங்கினார். பொய் சொல்லலாகாது என்று என் மகளுக்கு நான் கற்பித்து வந்துள்ளேன். ஆயினும் இப்பொய்யை நான் மன்னித்துவிட்டேன். வாயில் திறந்திருந்தால் அவர் ஏன் ஆசிரியர் வேடம் பூணப் போகிறார்?

ஊர் திரும்பியதும் தம் பெயரிலிருந்த நிலத்தை விற்றார். 1926-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பட்டத்தில், இன்று அரசுப் பணியாளர் தேர்வாணையம் அமைந்துள்ள இடத்துக்கு அருகில், திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிலையத்தை நிறுவினார். கேரள நாட்டின் முதல் படப்பிடிப்பு நிலையம் அதுவேயாகும். அவர் துணைவியார் ஜானட் அம்மையார் இம்முயற்சிக்குத் தடை சொல்லவில்லை. தம் நகைகளையும் தந்துதவினார் என்று கூறுவர். இவ்வரியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அதன் விளைவை இம்மலரில் எழுதுவதற்கில்லை.

அக்காலத்தில் படம் பிடிப்பது எத்தகைய தொழில் என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சற்று விளக்க விரும்புகிறேன். கைப்பேசியைத் தொட்டவுடன் ஓடும் இக்காலத்துப் படம் போன்றதன்று அது. காமிராவின் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதனை ஒருவர் ஒரே சீராகச் சுழற்ற வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ பதினாறு சட்டங்கள். அஃதாவது நொடிக்கு ஓரடி நீளப் பிலிம். ஆயிரமடிச் சுருள் பதினாறு அல்லது பதினேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கை சற்றே தளர்ந்தால் திரையில் மனிதர் பாய்ந்தோடுவர். சற்றே விரைந்தால் ஊர்ந்து செல்வர். அக்காலத்தில் பெருவழக்காயிருந்த பிலிமுக்குச் சிவப்பு நிறம் புலப்படாது. சிவந்த உதடு திரையில் கறுத்துத் தோன்றும். ஒலி இல்லாமையால், பேச்சும் கதைப் போக்கும் எழுத்து அட்டைகளாக இடையிடையே வரும். எழுத்தறியாதார்க்காகக் கொட்டகையில் ஒருவர் திரையருகே நின்று உரத்த குரலில் கதை சொல்லுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பிலிம் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆயது. தீப்பொறி பட்டால் வெடிமருந்து போலப் பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது.

டேனியல் எடுக்கத் துணிந்த படத்தின் பெயர் விகதகுமாரன். இழந்த மகன் என்பது பொருள். கதை எழுதியவரும், காமிரா சுழற்றியவரும், இயக்கியவரும், தலைமை வேடம் தாங்கியவரும் அவரே. களரிக் கலைக்காகத் தொடங்கியவர் கதைப் படத்துக்குத் திரும்பியது, மக்கள் கொட்டகைக்கு வருவது கதை காணவே என்பதைப் பம்பாயில் கண்டுணர்ந்தமையாலாகும் என்று எனக்குத் தோன்றுகின்றது. அவர் புராணத்தைத் தொடவில்லை. திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவருடைய மகன் சந்திரகுமாரனைத் தீயவன் ஒருவன் கடத்திச் சென்று இலங்கைத் தோட்டத்தில் விட்டுவிடுகின்றான். சிறுவன் கூலியாக வளர்ந்து, உழைப்பால் உயர்ந்து தோட்டத்தின் மேற்பார்வையாளன் ஆகின்றான். உறவினன் ஒருவன் இலங்கைக்கு வர, இருவரும் உறவு அறியாமலே நண்பராகித் தாயகம் திரும்புகின்றனர். உடலிலிருந்த ஒரு தழும்பினால் இழந்த மகன் இன்னானென்று வெளிப்படுகின்றது. கதையைக் கேட்டால் இன்று எளியதாகத் தோன்றும். ஆனால் அன்று தென்பாண்டி நாட்டிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றன, சென்றவரில் எத்தனை பேர் மீண்டனர் என்பதை எண்ணினால், அக்கதை எவருடைய வீட்டுத் திண்ணையிலிருந்து எடுக்கப்பட்டதென்பது விளங்கும். சிறுவன் சந்திரகுமாரனாகத் தம் மூத்த மகனையே நடிக்கச் செய்தார்.

கதாநாயகிக்கு ஆள் அகப்படவில்லை. நாடக மேடையிலேயே ஆண்கள் பெண் வேடம் தாங்கிய காலம் அது. காமிராவின் முன் வந்து நிற்கக் குடும்பப் பெண் எவரும் இசையார். பம்பாயிலிருந்து லானா என்னும் நடிகை அழைத்து வரப்பட்டார். அவர் கேட்ட வசதிகளைச் செய்து கொடுக்க இயலாமற் போகவே திரும்பிச் சென்றார். அதன் பின்னரே பி. கே. ரோசி அம்மையார் வந்தார். அவர் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் குலத்தில், புல்லறுத்து விற்றுப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். காக்காரிசி என்னும் நாட்டுப்புற நாடகத்தில் ஆடிப் பாடிப் பழகியவர். நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் கூலியாகப் பத்து நாட்கள் நடித்தார் என்று வரலாறு கூறுகின்றது. நண்பகலில் தாம் கொண்டு வந்த சோற்றைத் தனியே அமர்ந்து உண்டார் என்றும் கூறுவர். அவருக்கு அளிக்கப்பட்ட வேடம் சரோசினி என்னும் நாயர் குலப் பெண் வேடம்.

இதன் பொருளை உணர அக்காலத் திருவிதாங்கூரை அறிதல் வேண்டும். டேனியல் பிறந்த குலத்துப் பெண்களே தோளில் மேலாடை அணியும் உரிமைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடியும் உதையும் பட்டு, 1859-ஆம் ஆண்டில்தான் அரச ஆணையால் அவ்வுரிமை பெற்றனர். ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் செல்லும் உரிமை பெற்றது 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள். விகதகுமாரன் திரையேறியது அதற்கும் முன்பு. அந்நாளில் புலைய குலத்துப் பெண்ணொருத்தி நாயர் இல்லத்துப் பெண்ணாகப் பட்டுடுத்துப் பூச்சூடித் திரையில் தோன்றினாள்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் வெளியிடப்பட்டது. பழைய நூல்கள் 1928-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் என்று குறிக்கும். பின்வந்த ஆராய்ச்சியாளர் அக்காலத்துச் செய்தித்தாள்களைத் துருவி, 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாளே சரியென்று காட்டினர். பெயர் பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை அவர்கள் திறந்து வைத்தார். ரோசி அம்மையார் அரங்கில் இருந்தால் தாம் வர இயலாதென்று அவர் கூறியதாகவும், ஆகவே அவ்வம்மையார்க்கு அழைப்பு அனுப்பப்படவில்லை என்றும் எழுதப்பட்டுள்ளது. தாம் நடித்த படத்தைக் காணும் ஆசையால் அவர் தாமாகவே வந்தார். முதற்காட்சிக்கு உள்ளே விடப்படவில்லை. திரையில் நாயகன் நாயகியின் கூந்தலிலிருந்த மலரை எடுத்து முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டம் கொதித்தெழுந்தது. கல்லெறிந்தனர். திரை கிழிந்தது.

இவ்விடத்தை நான் வீட்டில் உரக்கப் படித்தபோது என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். ரோசி வெளியே நின்றபோது டேனியல் எங்கே இருந்தார் என்பதே அக்கேள்வி. அவர் உள்ளே இருந்தார். அவருடைய பெருமைகளை விரித்துரைக்க வந்த நான் இதனை மறைத்தல் ஆகாது. சொந்த நிலத்தை விற்கும் துணிவும், தாழ்த்தப்பட்ட பெண்ணை நாயகியாக்கும் துணிவும் பெற்றிருந்த மனிதர், அன்று மாலை ஒரு பெரிய மனிதரின் வருகையைப் பெறுவதற்காக அப்பெண்ணை வெளியே நிறுத்தச் சம்மதித்தார். படம் ஓட வேண்டும், போட்ட பணம் மீள வேண்டும், பெரியோர் ஆதரவு வேண்டும் என்னும் நெருக்கடி அவர் கழுத்தை நெரித்திருக்கும். நானும் அலுவலகத்தில் அதுபோன்ற நெருக்கடிகளில் தலையசைத்தவனே. எனினும் அந்த ஆதரவு அவருக்குப் பயன்படவில்லை. பெரியோர் அமர்ந்திருந்த அரங்கிலேயே கல் விழுந்தது.

ரோசி அம்மையார் பட்ட துன்பம் அதனோடு முடியவில்லை. அவர் குடிசை தீக்கிரையாக்கப்பட்டது. உயிர் பிழைத்தால் போதுமென்று இரவில் நெடுஞ்சாலைக்கு ஓடி, நாகர்கோவில் நோக்கிச் சென்ற லாரி ஒன்றில் ஏறிக்கொண்டார். அந்த லாரியை ஓட்டிய கேசவப் பிள்ளை என்பவரையே மணந்து, இராசம்மாள் என்னும் பெயரோடு தமிழ்நாட்டில் வாழ்ந்து மறைந்தார். பின்னர் அவர் எப்படத்திலும் நடிக்கவில்லை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஊர் செல்லும்போது பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று நாம் பேருந்தில் கடந்து செல்லும் சாலை அந்த லாரி சென்ற சாலையேயாகும். இக்கதையை அறிந்த பின்னர் அச்சாலையில் இரவுப் பயணம் செய்யும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை.

படம் ஆலப்புழை முதலிய வேறு சில ஊர்களிலும் காட்டப்பட்டது. ஆனால் செலவிட்ட பணம் மீளவில்லை. அதற்குள் காலமும் மாறிவிட்டது. 1931-இல் ஆலம் ஆராவும் காளிதாசும் வெளிவந்து திரைப்படம் பேசத் தொடங்கிற்று. ஊமைப் படத்தைச் சீண்டுவார் இல்லை. டேனியல் கருவிகளை விற்றார்; நிலையத்தை மூடினார். கேரளத்தின் இரண்டாம் படமான மார்த்தாண்டவர்மா 1933-இல் வெளிவந்து, நாவலின் உரிமை பற்றிய வழக்கால் உடனே முடக்கப்பட்டது. மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய பாலன் 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்களால் தயாரிக்கப்பட்டது. மலையாளத் திரைப்படத்தின் தொட்டிலை ஆட்டிய கைகளில் தமிழர் கைகள் எத்தனை என்று பாருங்கள்! இதனைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. தொட்டிலை ஆட்டியவர்களில் ஒருவர் செல்வரானார்; ஒருவர் தெருவில் நின்றார்.

டேனியல் பின்பு பல் மருத்துவம் கற்றார். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று ஊர் ஊராகத் தொழில் நடத்தினார். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தார். குடும்பம் மீண்டும் தலையெடுத்தது. அங்ஙனமே இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. புதுக்கோட்டையில் நடிகர் பி. யு. சின்னப்பா அவர்களோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அடங்கிக் கிடந்த நெருப்பு மறுபடியும் மூண்டது. சேர்த்த பொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றார். படம் ஒன்றும் உருவாகவில்லை. கைப்பொருள் அனைத்தும் கரைந்த பின்னர் வெறுங்கையோடு திரும்பினார். முதல் தோல்வியை ஊராரின் கொடுமை என்று சொல்லலாம். இரண்டாம் தோல்விக்கு அவரே பொறுப்பு என்று என் மனைவி கூறுகின்றாள். என்னால் மறுக்க இயலவில்லை.

முதுமையில் அகத்தீசுவரத்தில் நோயும் வறுமையுமாக அவர் முடங்கிக் கிடந்தபோது, சேலங்காட்டு கோபாலகிருட்டிணன் என்னும் மலையாளப் பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டார். முதற்படம் எடுத்தவர் உயிரோடிருக்கின்றார், உதவியற்றுக் கிடக்கின்றார் என்று எழுதி எழுதி உலகுக்கு உணர்த்தினார். நலிந்த கலைஞர்க்குரிய உதவித்தொகை கோரிக் கேரள அரசுக்கு விண்ணப்பம் சென்றது. அவர் தமிழ்நாட்டில் வாழ்பவராதலால் அம்மாநிலத்தையே அணுக வேண்டுமென்னும் விடை வந்தது. ஆனால் அவர் படம் எடுத்ததோ திருவனந்தபுரத்தில். அவர் படத்தைத் தமிழ்ப்படம் என்பார் எவர்? 1956-இல் வரைந்த கோடு இவ்வாறு அவர் குறுக்கே விழுந்தது. வெளியூரில் வாழும் நமக்கு இது புதிதன்று. குடும்ப அட்டைக்கோ சான்றிதழுக்கோ இங்கே சென்றால் அங்கே கேள் என்பதும், அங்கே சென்றால் இங்கே கேள் என்பதும் நம் காலனியில் எத்தனை பேர் பட்ட பாடு! நம்மிடமாவது இரண்டு இடத்திலும் காட்டக் காகிதம் உண்டு. அவரிடம் காட்டுவதற்குப் படமே இல்லை.

படம் இல்லாமற் போனது எங்ஙனம் என்பது என் போன்ற காமிராப் பித்தர்க்கு நெஞ்சு பொறாத செய்தி. வீட்டிலிருந்த விகதகுமாரன் சுருளை, அவருடைய இளைய மகன் அறியாப் பருவத்தில் விளையாட்டாகக் கொளுத்தினான். நைட்ரேட்டுப் பிலிம் எரியும்போது எழும் சுடரைக் கண்டு குழந்தை மகிழ்ந்ததாம். அதன் அருமையை அறியும் வயது அன்று அவனுக்கு இல்லை. வீட்டிலிருந்த பெரியோரும் பெரிதாகத் தடுத்ததாகத் தெரியவில்லை; தோல்வியடைந்த படத்தின் சுருள் அக்காலத்தில் எவருக்கு வேண்டும்? இன்று விகதகுமாரனின் ஓரடிப் பிலிம்கூட உலகில் இல்லை. தம் கண்ணால் கண்ட எவரும் இன்று இல்லை.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் டேனியல் அவர்கள் காலமானார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1992-இல், கேரள அரசு திரைப்படத்துறையில் வாழ்நாள் தொண்டாற்றியோர்க்கு வழங்கும் தலையாய விருதுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று. உயிரோடிருந்தபோது மாத உதவித்தொகை பெற இயலாதவரின் பெயரால் ஆண்டுதோறும் பிறர்க்கு இலட்சக்கணக்கில் பரிசு அளிக்கப்படுகின்றது. 2013-இல் இயக்குநர் கமல் அவர்கள் அவர் வரலாற்றைச் செல்லுலாயிடு என்னும் படமாக்கினார். பிருதிவிராசு டேனியலாக நடித்த அப்படம் தமிழிலும் குரல் மாற்றி வெளியிடப்பட்டது. நம் காலனியில் பலர் அதனைக் கண்டிருக்கக்கூடும். ரோசி அம்மையார் பெயரால் சென்னையில் நீலம் பண்பாட்டு மையத்தார் திரைப்பட விழா நடத்தி வருகின்றனர். இவ்விரு பெயர்களும் இன்று ஒன்றாகவே பேசப்படுகின்றன. அன்று அரங்க வாயிலில் பிரிந்தவர்கள் இங்ஙனம் சேர்ந்துள்ளனர்.

கடந்த விடுமுறையில் நானும் மகளும் பட்டத்துக்குச் சென்று, படப்பிடிப்பு நிலையம் இருந்த சுற்றுப்புறத்தைப் பார்த்தோம். தேர்வாணைய வாயிலில் இளைஞர் பலர் வேலைக்கான விண்ணப்பங்களோடு நின்றிருந்தனர். நிலையத்தின் சுவடு ஒன்றும் தென்படவில்லை. கணக்காயர் அலுவலகத்துக்கு எதிரே கேப்பிட்டல் அரங்கு இருந்த இடத்திலும் அவ்வாறே. மறுவாரம் அதிகாலை வண்டியில் நாகர்கோவில் சென்று, அங்கிருந்து பேருந்தில் அகத்தீசுவரம் சேர்ந்தோம். வெயில் ஏறுமுன் தெருக்களைச் சுற்றினோம். பனை மரங்களும், ஓட்டு வீடுகளும், புதிய மாடி வீடுகளும், தேநீர்க் கடையில் முதியோர் சிலரும். ஒரு பெரியவர் மலையாளம் கலந்த தமிழில், சினிமாக்காரர் வீட்டைத் தேடி வந்தீர்களோ என்று கேட்டார். அவ்வினாவைக் கேட்டதும் என் மகள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் படம் பிடிக்கத் தவறிவிட்டேன்.

அவள் பழைய கிளிக் காமிராவில் பன்னிரண்டு படங்கள் எடுத்தாள். அப்பழைய அளவுப் பிலிமைக் கழுவித் தரும் கடை இப்போது திருவனந்தபுரத்தில் எனக்கு அகப்படவில்லை, சென்னைக்கு அனுப்பியுள்ளோம். மலர் அச்சேறுமுன் வந்து சேர்ந்தால் ஒன்றை இப்பக்கத்தில் வெளியிடுவதாகச் செயலாளர் அவர்கள் வாக்களித்துள்ளார். இங்கே படம் எதுவும் காணப்படாவிடின், சுருள் இன்னும் வரவில்லை என்று வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டுகிறேன்.